வேர் சிகிச்சையில் பல்லுக்குள் என்ன வைக்கிறார்கள்?

கேள்வி இது: "அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கேனால் நடக்கிறது. முதல் நாள் ப்ளீச்சிங் பவுடர் வாசனை அடித்தது என்றார். பிறகு வெள்ளையாக ஏதோ மருந்து வைத்து மூடி, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த முறை ரப்பர் மாதிரி குச்சி வைத்து அடைப்பார்களாம். பயோசெராமிக் வேண்டுமென்றால் கூடுதல் கட்டணமாம். மாமாவோ, பல்லுக்குள் ஆர்சனிக்கும் ஃபார்மலினும் வைப்பார்கள், உடம்புக்கு விஷம் என்று பயமுறுத்துகிறார். உண்மையில் என்னதான் வைக்கிறார்கள்? கூடுதல் பணம் கொடுக்கலாமா?"

வேர் சிகிச்சை என் துறை. செய்வதோடு மாணவர்களுக்குச் சொல்லியும் தருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

ப்ளீச்சிங் பவுடர் வாசனை வந்தது நல்ல செய்தி. அந்த வெள்ளை மருந்து பெரும்பாலும் சுண்ணாம்புதான். ஆர்சனிக் பற்றி இன்று பயப்பட வேண்டியதில்லை. ஃபார்மலின் விஷயத்தில் மாமா சொல்வதில் நியாயம் உண்டு, அதைப் பின்னால் விளக்குகிறேன். பயோசெராமிக் நல்ல பொருள். ஆனால் அம்மாவின் பல் நிலைப்பதும் போவதும் அதைப் பொறுத்ததாக இருக்காது. வேருக்குள் எவ்வளவு நன்றாகக் கழுவினார்கள், கழுவிய இடத்துக்குள் எச்சில் மறுபடி போகாமல் எப்படி மூடினார்கள் என்பவைதான் கணக்கு. பணத்தையும் கவலையையும் அங்கே செலவிடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், 1965இல் அமெரிக்காவில் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மூவர் எலிகளை வைத்துச் செய்த ஒரு சோதனைதான் எங்கள் துறைக்கே அடித்தளம். கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகள் ஒரு பக்கம், சாதாரண எலிகள் இன்னொரு பக்கம். இரண்டு கூட்டத்துக்கும் கடைவாய்ப் பல்லில் துளை போட்டு உள்ளே இருக்கும் கூழை (நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள மென்மையான சதை) திறந்து விட்டார்கள். மூடவில்லை, மருந்தும் வைக்கவில்லை. சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகி, வேர் நுனியில் சீழ் கட்டியது. கிருமியற்ற எலிகளுக்கோ, திறந்த காயத்தில் சாப்பாட்டுத் துணுக்கு அடைந்து கிடந்தும், கூழ் உயிரோடு இருந்து மேலே புதிதாகத் தந்தினித் தடுப்பும் கட்டிக்கொண்டது (தந்தினி என்பது எனாமலுக்கு அடியில் இருக்கும் பல்லின் கெட்டியான பகுதி). பல்லின் நரம்பு அழுகுவதற்கும் வேர் நுனி எலும்பு கரைவதற்கும் காரணம் பாக்டீரியா என்பது அன்றோடு உறுதியானது. அதை எடுத்துவிட்டால் உடம்பு தானே ஆற்றிக்கொள்ளும். நாங்கள் வைக்கும் எந்தப் பொருளும் எலும்பை வளர்ப்பதில்லை.

இங்கே ஒரு விஷயத்தை இடையில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இது தினமும் நடக்கிறது. பல் வலித்தால் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். வலி இரண்டு நாளில் குறைகிறது, பல் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். கூழ் இறந்துபோன பல்லுக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. ரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரை எப்படிப் போகும்? வேருக்கு வெளியே பரவிய தொற்றை அது கொஞ்சம் அடக்கலாம். காய்ச்சலோ முக வீக்கமோ இருந்தால் அது அவசியமும்கூட. ஆனால் கிருமியின் குடியிருப்பு பல்லுக்குள்ளேயே அப்படியே இருக்கும். அதனால்தான் பல்லைத் திறந்து, மருந்தை நேரடியாக உள்ளே கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

கொண்டுபோவதிலும் ஒரு சிக்கல். எக்ஸ்ரேயில் வேர்க்கால்வாய் நேராக ஒரு கோடு மாதிரி தெரியும். நிஜத்தில் அது முட்டை வடிவமாக, தட்டையாக, நடுவில் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்து, வேர் நுனிக்கு வந்ததும் ஆறு கடலோரத்தில் பல கிளைகளாகப் பிரிவதுபோலப் பிரிந்து கிடக்கும். சுவிட்சர்லாந்தில் வால்டர் ஹெஸ் என்பவர் 1920களிலேயே ஆயிரக்கணக்கான பற்களுக்குள் ரப்பரை நிரப்பி இந்த வடிவங்களை எடுத்துக் காட்டிவிட்டார். பின்னாளில் நுண் சி.டி. ஸ்கேன் வந்தபோது இன்னொரு உண்மை தெரிந்தது: எவ்வளவு நவீனமான ஃபைலை (கால்வாயைத் தேய்க்கும் மெல்லிய உலோகக் கருவி) சுழற்றினாலும் கால்வாய்ச் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உலோகம் தொடுவதே இல்லை. அதற்கும் அப்பால், சுவரிலிருந்து கிளம்பும் தந்தினிக் குழாய்கள் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மைக்ரான் அகலம். பாக்டீரியா நுழைய அது போதும். ஃபைலின் வேலை திரவம் போவதற்கு வழி வெட்டிக் கொடுப்பது. சுத்தம் செய்வது திரவம்.

அந்தத் திரவம்தான் அம்மா முகர்ந்தது. ப்ளீச்சிங் பவுடரில் இருப்பது கால்சியம் ஹைப்போகுளோரைட். பல்லில் விடுவது அதன் பங்காளியான சோடியம் ஹைப்போகுளோரைட். முதல் உலகப் போரில், 1915இல், ஹென்றி டேக்கின் என்ற ஆங்கிலேய வேதியியலாளரும் அலெக்சிஸ் காரெல் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவரும் அழுகிய போர்க்காயங்களைக் கழுவ 0.5 சதவீதக் கரைசலாக இதைப் பயன்படுத்தினார்கள். இருபது வருடம் கழித்து, 1936இல், வாக்கர் என்ற பல் மருத்துவர் குளோரின் கலந்த கரைசலை வேர்க்கால்வாய்க்குப் பரிந்துரைத்தார். 1941இல் அமெரிக்காவின் கிராஸ்மன் அதன் கரைக்கும் திறனை ஆராய்ந்து எழுதினார். அதற்குப் பிறகு எத்தனையோ திரவங்கள் வந்தன, போயின. இதன் இடத்தை எதுவும் பிடிக்கவில்லை.

காரணம் இதுதான். கிருமியைக் கொல்லும் திரவங்கள் பல உண்டு. செத்த கூழையும் கிருமிகள் ஒட்டிக்கொண்டு வாழும் வழுவழுப்பான படலத்தையும் கரைக்கும் திரவம் இது ஒன்றுதான். ஃபைல் தொடாத மூலையில் ஒட்டியிருக்கும் சதைத் துணுக்கு கரைய வேண்டுமென்றால் ஹைப்போகுளோரைட் அங்கே போய்ச் சேர வேண்டும்.

எத்தனை சதவீதம் என்பதில் எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் உண்டு. 0.5 முதல் 5.25 சதவீதம் வரை, சிலர் 6 வரை பயன்படுத்துகிறார்கள். அடர்த்தி கூடினால் சதை வேகமாகக் கரையும், வெளியே கசிந்தால் சேதமும் கூடும். என் கருத்தில் சதவீதத்தைவிட முக்கியமானவை இரண்டு: எவ்வளவு நேரம் உள்ளே இருந்தது, எத்தனை முறை புதிதாக மாற்றினார்கள். சதையைத் தொட்டதும் அதிலுள்ள குளோரின் செலவாகிவிடும். அதற்குப் பிறகு உள்ளே நிற்பது வெறும் உப்புத் தண்ணீர் மாதிரிதான். அதனால் சிறுகச் சிறுகப் புதிதாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அல்ட்ராசோனிக் முனையால் அதிர வைத்தால் பக்கக் கிளைகளுக்குள்ளும் இன்னும் நன்றாகப் போகும். இன்னொன்று, வெயிலும் வெப்பமும் பட்டால் இந்தக் கரைசல் வீரியம் இழக்கும். நம் ஊர் மே மாதத்தில் ஜன்னலோரம் திறந்து வைத்த பாட்டிலை நம்பி வேலை செய்ய முடியாது. நிறம் போட்ட பாட்டிலில், இறுக மூடி, குளிர்ச்சியான இடத்தில் வைத்து, தேதி பார்த்துப் பயன்படுத்த வேண்டும். இதை மாணவர்களிடம் ஒவ்வொரு வருடமும் வலியுறுத்துகிறேன்.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. ஊசி கால்வாயில் இறுகச் சிக்கியிருக்கும்போது அழுத்திச் செலுத்தினால் வேர் நுனி வழியாகத் திரவம் எலும்புக்குள் பாயும். அப்படி நடந்தால் மரத்துப்போன நிலையிலும் தாங்க முடியாத வலி திடீரென வரும், சில நிமிடங்களில் முகம் வீங்கும், அடுத்த நாள் கன்றிப்போகும். பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும் என்றாலும் பயங்கரமான அனுபவம். இதைத் தவிர்க்கத்தான் பக்கவாட்டில் துளையுள்ள மெல்லிய ஊசியை, வேர் நுனிக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்தி, ஆட்டிக்கொண்டே, மெதுவாகச் செலுத்துகிறோம். சிகிச்சையின்போது சுருக்கென்று வித்தியாசமான எரிச்சல் தெரிந்தால் உடனே கையைத் தூக்கச் சொல்லுங்கள் அம்மாவை. பொறுத்துக்கொள்ள வேண்டிய வலி அல்ல அது.

ஹைப்போகுளோரைட்டால் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. ஃபைல் தேய்க்கும்போது வரும் பல் தூளும் அழுக்கும் சேர்ந்து சுவரில் ஒன்றிரண்டு மைக்ரான் தடிமனுக்குப் பூச்சாக அப்பிக்கொள்ளும். அதில் சுண்ணச்சத்து அதிகம் என்பதால் ஹைப்போகுளோரைட்டுக்கு அசையாது. நார்வேக்காரரான நைகார்ட் ஊஸ்ட்பி 1957இல் அறிமுகப்படுத்திய இ.டி.டி.ஏ. அதைக் கரைக்கும். கால்சியத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் பொருள் அது. 17 சதவீதக் கரைசலாகக் கடைசியில் ஒரு நிமிடம் போல விட்டால் போதும். அதிக நேரம் விட்டால் நல்ல பல்லையும் அரிக்கும். இரண்டையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது, கலந்தால் குளோரினின் வீரியம் போய்விடும்.

குளோர்ஹெக்சிடின் என்று இன்னொன்று. வாய் கொப்பளிக்கும் மருந்தாக உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேர்க்கால்வாய்க்கு 2 சதவீதம். கிருமியைக் கொல்லும், சுவரில் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நாள் வேலை செய்யும், சதையைக் கரைக்காது. அதனால் துணைக்கு மட்டும். ஹைப்போகுளோரைட் மிச்சம் இருக்கும்போது இதை விட்டால் ஆரஞ்சும் பழுப்புமாக ஒரு வண்டல் உருவாகிக் குழாய்களை அடைக்கும். நடுவில் சலைனால் கழுவாமல் இதைத் தொடக் கூடாது.

இனி அந்த வெள்ளை மருந்து. அது கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் வேதியியல்படி இதேதான். தூய்மையும் தயாரிப்பும் மட்டும் வேறு. (வீட்டுச் சுண்ணாம்பைச் சொத்தையில் வைக்காதீர்கள், ஈறு வெந்துபோகும்.) 1920இல் ஜெர்மனியின் ஹெர்மன் இதைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். இதன் பி.எச். சுமார் 12.5. அவ்வளவு காரத்தில் பெரும்பாலான கிருமிகள் உயிர்வாழ முடியாது. ஸ்வீடனின் உமேயோ பல்கலைக்கழகத்தில் பிஸ்ட்ரோம், சுண்ட்க்விஸ்ட், ஷோக்ரென் ஆகியோர் 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் செய்த ஆய்வுகளால்தான் இது உலகம் முழுக்க வழக்கமானது. 7 நாள் வைத்தாலே கழுவலில் தப்பிய கிருமிகளை ஒழிக்கும் என்று அவர்கள் காட்டினார்கள். அம்மாவை ஒரு வாரம் கழித்து வரச் சொன்னதன் பின்னணி அதுதான்.

பிறகு வந்தவர்கள் அவ்வளவு உற்சாகம் காட்டவில்லை. பல்லின் தந்தினியே அந்தக் காரத்தை மட்டுப்படுத்திவிடுகிறது. என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்ற கிருமி தன் உடலுக்குள் புரோட்டானை இழுத்துக்கொண்டு காரத்தைத் தாங்கி நிற்கிறது. சிகிச்சை தோற்ற பற்களில் அதை அடிக்கடி பார்க்கிறோம். ஒரே நாளில் முடிப்பதா, நடுவில் மருந்து வைத்து இரண்டு மூன்று முறை வரச் சொல்வதா என்று காக்ரேன் அமைப்பு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது குணமடைவதில் வேறுபாடு தெரியவில்லை. அதனால் உயிருள்ள நரம்பை எடுத்த பல்லை நான் ஒரே அமர்வில் முடிப்பேன். சீழ் வடிந்துகொண்டிருந்தாலோ கால்வாய் உலராவிட்டாலோ மருந்து வைத்துக் காத்திருப்பேன். மாதக்கணக்கில் மட்டும் விடமாட்டேன்: நெடுநாள் உள்ளே இருந்தால் வேர் பலவீனமாகி உடைய வாய்ப்பு உண்டு. "வலி இல்லையே" என்று அடுத்த அமர்வைத் தள்ளிப்போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மாமாவின் ஆர்சனிக் கதை பொய் இல்லை. மரத்துப்போகும் ஊசி வருவதற்கு முன், 1836இல், ஸ்பூனர் என்ற அமெரிக்கர் ஆர்சனிக் ட்ரையாக்சைடைக் கூழைச் சாகடிக்கப் பரிந்துரைத்தார். நூறு வருடத்துக்கும் மேல் அது புழக்கத்தில் இருந்தது. துளி கசிந்தாலும் ஈறும் எலும்பும் சேர்ந்து செத்துவிடும். மயக்க ஊசி நன்றாக வேலை செய்யும் இந்தக் காலத்தில் அதற்கு எந்தத் தேவையும் இல்லை.

ஃபார்மலின் வகை அவ்வளவு எளிதில் ஒழியவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்லி என்பவர் சூத்திரம் கொடுத்த, ஃபார்மலின் கலந்த ஃபார்மோகிரெசால், ஃபார்மலின் இல்லாவிட்டாலும் அதே போலக் கடுமையான, கற்பூரமும் குளோரோஃபீனாலும் கலந்த சி.எம்.சி.பி. ஆகியவற்றைப் பஞ்சில் நனைத்து உள்ளே வைத்து மூடுவது பழைய வழக்கம். பழைய பல் ஆஸ்பத்திரிகளின் அந்தக் கடுமையான நெடிக்கு இவையும் ஒரு காரணம். கிருமியையும் கொன்றன, வேருக்கு வெளியே இருந்த நல்ல திசுவையும் கொன்றன; வீரியமும் சில நாளில் ஆவியாகிவிடும். ஃபார்மால்டிஹைடை (இது கரைந்த தண்ணீர்தான் ஃபார்மலின்) மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. பல்லில் வைத்த ஒரு துளியால் யாருக்கும் புற்றுநோய் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. இதைவிட நல்லதும் பாதுகாப்பானதும் கையில் இருக்கும்போது இதை வைக்க எந்தக் காரணமும் இல்லை என்று சொல்கிறேன்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது இன்னொன்றின் மேல்: பாராஃபார்மால்டிஹைடு கலந்த பசையால் வேரையே நிரப்பிவிடுவது. சுவிட்சர்லாந்தின் சார்ஜென்டி என்பவர் பரப்பிய என்-2 பசை இதில் பிரபலமானது; பழைய கலவையில் ஈய ஆக்சைடுகூட இருந்தது. சரியாகக் கழுவாவிட்டாலும் பசை பார்த்துக்கொள்ளும் என்ற சோம்பேறி நம்பிக்கைதான் அதன் அடிப்படை. அம்மாவுக்கு இருப்பதுபோல் கீழ்க் கடைவாய்ப் பல்லில் இது வேர் நுனியைத் தாண்டினால், அடியிலேயே ஓடும் தாடை நரம்பைப் பாதித்து உதடும் தாடையும் நிரந்தரமாக மரத்துப்போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அமெரிக்க வேர் சிகிச்சை நிபுணர் சங்கம் இதை வெளிப்படையாக எதிர்க்கிறது. உங்கள் டாக்டரிடம் "ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்து எதுவும் வைக்கிறீர்களா?" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை. பெரும்பாலும் "இல்லை" என்ற பதில்தான் வரும்.

இப்போது அந்த ரப்பர் குச்சிக்கு வருவோம். கட்டாபெர்ச்சா. நாங்கள் ஜி.பி. பாயிண்ட் என்போம். மலாயா, சுமத்ரா, போர்னியோ காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால்; இலுப்பையும் மகிழமும் சேர்ந்த அதே குடும்பத்து மரம். மலாய் மக்கள் அதில் அரிவாள் பிடி செய்துகொண்டிருந்தார்கள். சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் மான்ட்கோமெரி 1843இல் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். சுடுநீரில் மெழுகாக இளகி, ஆறியதும் இறுகி, கடல்நீரில் கெடாமல் இருக்கும் அந்தக் குணம் தந்திக் கம்பிக்காரர்களை ஈர்த்தது. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே போட்ட கடலடிக் கம்பிக்கும், 1866இல் அட்லாண்டிக்கைக் கடந்து போட்ட கம்பிக்கும் உறை இதுதான். அதற்காக லட்சக்கணக்கான மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள், சிங்கப்பூர் தீவில் அந்த மரமே இல்லாமல் போனது. 1867இல் செயின்ட் லூயிஸ் நகரத்தின் பவ்மன் இதை வேர்க்கால்வாயில் அடைத்துக் காட்டினார். கடல் கம்பிக்கு பாலிஎத்திலீன் வந்துவிட்டது. பல்லில் 150 வருடத்துக்கும் மேலாக இது அப்படியே இருக்கிறது.

இன்றைய குச்சியில் உண்மையான கட்டாபெர்ச்சா ஐந்தில் ஒரு பங்குதான். பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. எக்ஸ்ரேயில் தெரிவதற்கு பேரியம் சல்பேட் போன்றவை. கொஞ்சம் மெழுகு, நிறம். உடம்பு இதைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. எதிர்காலத்தில் பிரச்சினை வந்தால் கரைத்தோ சூடாக்கியோ வெளியே எடுத்துவிடலாம், அது பெரிய வசதி. சூடு தாங்காது என்பதால் ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைக்க முடியாது. வைப்பதற்கு முன் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் முக்கி எடுக்க வேண்டும். இதற்குப் பதிலாக வந்தவை நிலைக்கவில்லை. 1930களில் வந்த வெள்ளிக் குச்சிகள் உள்ளே துருப்பிடித்தன. 2004இல் பெரிய ஆரவாரத்தோடு வந்த ரெசிலான் என்ற செயற்கைப் பொருள், பல்லோடு ஒட்டி ஒன்றாகிவிடும் என்று சொல்லப்பட்டது; சில வருடங்களில் உள்ளேயே சிதைந்து, தோல்விகள் கூடி, சந்தையை விட்டே போய்விட்டது. புதுப் பொருள் என்றதும் பாய்ந்து போகாமல் பத்து வருட முடிவு என்ன என்று கேட்கும் பழக்கத்தை எங்கள் தலைமுறைக்குக் கொடுத்தது அந்த அனுபவம்தான்.

கட்டாபெர்ச்சாவுக்கு ஒரு குறை: பல்லோடு ஒட்டாது. குச்சிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியை நிரப்பும் பசைதான் சீலர். நீண்ட காலம் துத்தநாக ஆக்சைடையும் யூஜினாலையும் குழைத்த சீலர்தான் ராஜா. யூஜினால் என்பது கிராம்புத் தைலத்தின் சாரம். பழைய பல் ஆஸ்பத்திரி என்றதும் நினைவுக்கு வரும் இன்னொரு வாசனை அதுதான். விலை குறைவு, பழகியது. ஆனால் மெதுவாகக் கரையும், மேலே வைக்கும் ரெசின் அடைப்பைச் சரியாக இறுகவும் விடாது. 1950களில் சுவிட்சர்லாந்தின் ஆந்த்ரே ஷ்ரோடர் எபாக்சி ரெசினில் ஏ.எச். 26 உருவாக்கினார். அது இறுகும்போது சிறிதளவு ஃபார்மால்டிஹைடு வெளிவந்தது. பின்னர் வந்த ஏ.எச். பிளஸ் அந்தக் குறையைப் பெருமளவு நீக்கியது. இன்றும் புதிய சீலர்களை இதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

பயோசெராமிக் கதை கட்டிடம் கட்டும் சிமெண்டில் தொடங்குகிறது. கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத் 1990களின் தொடக்கத்தில், ஈரத்திலும் இறுகி, உடம்பு ஏற்றுக்கொள்ளும் ஒரு பொருளைத் தேடினார். கிடைத்தது போர்ட்லண்ட் சிமெண்ட். முக்கால் பங்கு அது, ஐந்தில் ஒரு பங்கு எக்ஸ்ரேயில் தெரிய பிஸ்மத் ஆக்சைடு, மிச்சம் ஜிப்சம்: இதுதான் எம்.டி.ஏ. 1993இல் முதல் ஆய்வுகள் வந்தன, 1990களின் கடைசியில் விற்பனைக்கு வந்தது. தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு வெளிவரும். திசு திரவத்தில் உள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து மேற்பரப்பில் பல்லும் எலும்பும் ஆன அதே வகைக் கனிமம் படியும். மற்ற பொருள்களுக்கு எதிரியான ஈரம் இதற்கு வேண்டியது. வேரில் தவறுதலாக விழுந்த ஓட்டையை அடைக்கவும், நுனி மூடாத சிறுவர்களின் பல்லை அடைக்கவும், அறுவை சிகிச்சையில் வேர் நுனியை வெட்டி மூடவும் இதற்கு இணை இல்லை. முன்பு பிடுங்கிப் போட்ட பற்களை இன்று காப்பாற்றுகிறோம். (கடையில் வாங்கும் சிமெண்டில் சுத்திகரிக்கப்படாத கன உலோகங்கள் இருக்கும், அது வேறு இது வேறு.)

அந்தக் குடும்பத்தின் கால்சியம் சிலிகேட்டை மையாக அரைத்து, சிரிஞ்சில் அடைத்து, சீலராகக் கொண்டுவந்ததைத்தான் உங்களிடம் பயோசெராமிக் என்று சொல்கிறார்கள். சுருங்காது, திசுவை அதிகம் உறுத்தாது, கையாள எளிது. ஆனால் கட்டாபெர்ச்சாவோடு சேர்த்து வைக்கும் வழக்கமான வேர் சிகிச்சையில், நல்ல எபாக்சி சீலரோடு ஒப்பிட்ட மருத்துவ ஆய்வுகளில் குணமடையும் விகிதத்தில் தெளிவான முன்னிலை எதுவும் தெரியவில்லை. கல்லாக இறுகிவிட்டால் திரும்ப எடுப்பதும் கடினம், எந்தக் கரைப்பானுக்கும் மசியாது. உங்கள் டாக்டர் அதைப் பயன்படுத்திப் பழகியவர், உங்களுக்கும் பணம் இடிக்கவில்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கி வைக்க வேண்டாம். வேரில் ஓட்டையோ நுனி விரிந்தோ இருந்தால் மட்டும் என் பதில் மாறும். அப்போது அது ஆடம்பரம் இல்லை, தேவை.

அந்தப் பணத்தை எங்கே வைக்கலாம்? முதலில் ரப்பர் டேம். 1864இல் நியூயார்க்கின் பார்னம் கண்டுபிடித்த எளிய விஷயம்: ஒரு ரப்பர் தாளில் துளை போட்டு, சிகிச்சை செய்யும் பல் மட்டும் வெளியே தெரியும்படி மாட்டுவது. எச்சில் உள்ளே போகாது, ஹைப்போகுளோரைட் தொண்டைக்குப் போகாது, ஃபைல் தவறி விழுந்தால் நோயாளி விழுங்க மாட்டார். டேம் இல்லாமல் ஹைப்போகுளோரைட்டைத் தாராளமாக விட யாருக்கும் கை வராது; பயந்து பயந்து சலைனால் கழுவுவார்கள். மேலே சொன்ன உமேயோ குழுவே 1997இல் வெளியிட்ட ஆய்வு இதன் விலையைச் சொல்கிறது: அடைக்கும் நேரத்தில் கால்வாயில் கிருமி வளராத பற்களில் 94 சதவீதம் ஆறின, கிருமி இருந்தவற்றில் 68 சதவீதம்தான். இத்தனைக்கும் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரிதான் கட்டாபெர்ச்சா வைத்து அடைத்தார்கள்.

அடுத்தது மேல் மூடி. அழகாக அடைத்த வேரும் மேலே திறந்து கிடந்தால், எச்சிலில் வரும் கிருமி சில வாரங்களில் முழு நீளமும் இறங்கிவிடும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின. 1995இல் ரே, ட்ரோப் இருவரும் 1,010 பற்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தார்கள். வேர் அடைப்பும் மேல் அடைப்பும் இரண்டும் நன்றாக இருந்தவற்றில் 91.4 சதவீதம் வேர் நுனியில் நோயின்றி இருந்தன. இரண்டும் மோசமானவற்றில் 18.1 சதவீதம் மட்டுமே. அமர்வுகளுக்கு நடுவே வைக்கும் தற்காலிக அடைப்புகூட மூன்றரை மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். அது உடைந்தாலோ கழன்றாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே போகச் சொல்லுங்கள்.

கடைவாய்ப் பல்லுக்குக் கேப் கட்டாயம். குழி வெட்டிய பல் மென்று மென்று ஒரு நாள் பிளந்துவிடும், வேர் வரை பிளந்தால் எடுக்கத்தான் வேண்டும். வேர் சிகிச்சை முடிந்து கேப் போடாத பற்கள், போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டதாக அமெரிக்காவில் 2002இல் வந்த அக்விலினோ, கப்லன் ஆய்வு சொல்கிறது. வலி போனதும் கேப்பை மறந்துவிடுகிறவர்கள் நம்மிடையே மிக அதிகம். பயோசெராமிக் சீலரா, கேப்பா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் யோசிக்கவே வேண்டாம், கேப்.

அடுத்த முறை போகும்போது அம்மா டாக்டரிடம் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்: ரப்பர் கையுறை, பலூன் பட்டால் அரிப்பு வருமா (அப்படியென்றால் லேடெக்ஸ் இல்லாத டேம் கிடைக்கிறது), கிராம்புத் தைலமோ ப்ளீச்சோ ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார். கண்ணாடி போட்டுக்கொண்டே நாற்காலியில் சாயட்டும், நல்ல சேலை கட்டிக்கொண்டு போக வேண்டாம். ஹைப்போகுளோரைட் ஒரு சொட்டு பட்டாலும் சாயம் போய்விடும். அடைத்த பிறகு இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது வலி இருப்பது சகஜம். வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ உதடு மரத்தது மாறாமல் அடுத்த நாளும் இருந்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

ஒரு வருடம் கழித்து அந்தப் பல்லுக்கு மட்டும் ஒரு சிறிய எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். வேர் நுனியில் இருந்த கறுப்பு வட்டம் சுருங்கியிருந்தால் ஆறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முழுதாக மறைய சிலருக்கு நான்கு வருடம்கூட ஆகும்.